அரைப் பக்க வைத்தியம்

சங்கரேஸ்வரியின் முகத்தைவிட அவள் குரல்தான் ஊருக்கு நன்றாகத் தெரியும். கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்களுக்குக் காலையில் மோட்டார் போடப் போகிறவர்கள், சட்டைப்பையில் போனை வைத்து அந்தக் குரலைக் கேட்டபடியேதான் வரப்பில் நடப்பார்கள். "எல்லாருக்கும் வணக்கம், நான் சங்கரேஸ்வரி பேசுதேன்" என்று ஆரம்பிக்கும். இலை ஏன் சுருளுகிறது, பிஞ்சு ஏன் உதிர்கிறது, எந்த மருந்தோடு எதைக் கலக்கக் கூடாது என்று ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவாள். அந்த வாட்ஸப் குழுவுக்கு 'எலுமிச்சை சொந்தங்கள்' என்று பெயர். அதில் பாதிப் பேர் அவளை நேரில் பார்த்ததே இல்லை. தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவளை, பக்கத்தில் நின்றவர் குரலை வைத்தே கண்டுபிடித்து, "நீங்க எலுமிச்சை டீச்சர்லா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கடைக்காரர் பேரத்துக்குப் படிந்துவிட்டார்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு எலுமிச்சை மரம்கூடச் சொந்தம் கிடையாது. புருஷன் பேச்சிராஜ் தென்காசியில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவன் பங்குக்கு வந்த தோட்டத்தை முன்பே ப்ளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே கலர் கலராகக் கொடி பறக்கிறதே தவிர, இன்றைய தேதி வரைக்கும் ஒரு வீடு எழும்பவில்லை. அதை ஒட்டினாற்போல் இருப்பது அவன் அண்ணன் பிச்சைமணியின் பங்கு. பிச்சைமணி இறந்து இரண்டு வருஷமாகிறது. பிள்ளை குட்டி இல்லை. அவர் மனைவி உலகம்மாள்தான் அந்தத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தாள். ப்ளாட்காரர்கள் அவளிடமும் நடையாய் நடந்தார்கள். "மரம் காய்க்கிற மட்டும் இங்கன கல்லு நட விடமாட்டேன்" என்பதுதான் அவள் சொன்ன ஒரே பதில். பேச்சிராஜுக்கு அதில் வருத்தம் உண்டு. அண்ணன் பங்கும் சேர்ந்தால்தான் ரோடு நேராக வரும் என்று அவர்கள் அவன் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆக, மரம் நின்றால் உலகம்மாளுக்குத் தோட்டம். மரம் போனால் தோட்டமும் போச்சு. விஷயம் இவ்வளவுதான்.

சங்கரேஸ்வரி பாட்டனி படித்தவள். திருநெல்வேலியில் எம்.ஃபில். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சில வருஷம் இருந்தாள். அங்கே கொடுத்த சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் சம்பளத்தைவிடப் பெரிதாக ஒன்று கொடுத்தார்கள். லைப்ரரி பாஸ்வேர்டு. அதை வைத்துக்கொண்டு, உலகத்தில் எந்தச் செடிக்கு என்ன நோவு வந்து யார் ஆராய்ந்து எழுதியிருந்தாலும் உட்கார்ந்த இடத்தில் திறந்து படித்துவிடலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு படித்துத் தள்ளினாள். சோறு இறங்குவதே தெரியாது. ஒரு வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சொன்னார்கள். மறுநாளே பாஸ்வேர்டும் செத்துப்போனது. வேலை போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

"பாடம் நடத்தத்தான் வேண்டாம்னாங்க. படிக்கவும் வேண்டாம்னா சொன்னாங்க?" என்று பேச்சிராஜிடம் கேட்டாள். அவன் என்ன செய்வான் பாவம், மோட்டார் கருகினால் சரிசெய்யத் தெரிந்தவன். "வேற பாஸ்வேர்டு போட்டுப் பாரேன்" என்றான்.

அதன்பிறகு வீட்டில் டியூஷன் எடுத்தாள். சாயங்காலம் பிள்ளைகள் போனதும், இணையத்தில் பூட்டாமல் கிடக்கிற கட்டுரைகளைத் தேடிப் படித்து, அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அப்படித்தான் அந்தக் காலைக் குரல் பிறந்தது. பூட்டாமல் கிடப்பவையும் நிறைய உண்டு, இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் அவசரமாகத் தேடுகிற ஒன்று மட்டும் எப்படித்தான் பூட்டிய அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமோ தெரியாது. தலைப்பு தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், அரைப் பக்கச் சுருக்கம் தெரியும். அதற்குக் கீழே டாலரில் ஒரு விலை நிற்கும். அரசாங்கப் பணத்தில், விவசாயி தோட்டத்தில் நடந்த ஆராய்ச்சியை எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனி விற்கிறது. மரம் நம்முடையது, மண் நம்முடையது, நோவும் நம்முடையது. அதைப் பற்றிய சேதி மட்டும் நம்முடையது இல்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆனி மாதத்தில் உலகம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி சங்கரி, வடக்கு வரிசையில ரெண்டு மரம் தூர்ல பிசின் வடியுது. இலை மஞ்சளாப் போயி தொங்குது. நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுதியே, இதுக்கு என்னன்னு பாரு."

"போட்டோ எடுத்து அனுப்ப முடியுமாக்கா?"

"எம் போன்ல பேசத்தான் முடியும். நீயே வா."

சங்கரேஸ்வரி போய்ப் பார்த்தாள். தூரைக் கிளறினால் வேர்ப்பட்டை ஈரச் சாக்குத்துணி மாதிரி கையோடு வந்தது. வேரழுகல்தான், சந்தேகமில்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். ஆடி பாதியில் இரண்டு மரம் பத்து மரமாயிற்று. பக்கத்துத் தோட்டத்துப் பாண்டித்துரையும் தன் மரங்களில் பிசினைப் பார்த்துவிட்டு, "எக்கா, எனக்கும் வந்துட்டு" என்று குழுவில் போட்டார். அந்த வாரம் ப்ளாட்காரர் பேச்சிராஜின் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனதாகச் சங்கரேஸ்வரிக்குச் சேதி வந்தது.

அவள் தேடினாள். கண் வலிக்கத் தேடினாள். ஆடிக் கடைசியில் அந்த அரைப் பக்கம் அகப்பட்டது. எலுமிச்சையில் வேரழுகலுக்கு ஒரு எளிய வைத்தியம். தூரைச் சுற்றி மண்ணை எடுத்து வேரைத் திறக்க வேண்டும். அழுகியதை வெட்டி எறிந்து, மூன்று வாரம் காற்றும் வெயிலும் படவிட்டு, நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை வேப்பம்புண்ணாக்கில் கலந்து போட்டு மூட வேண்டும். பத்தில் எட்டு மரம் தேறியது. அடுத்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆய்வு நடந்த இடம் கடையநல்லூர் வட்டாரத் தோட்டங்கள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே வழக்கம்போலப் பூட்டு.

உடனே உலகம்மாளைக் கூப்பிட்டாள். "அக்கா, முன்னால யாராவது வந்து தோட்டத்துல வேரு, மண்ணுன்னு எடுத்துட்டுப் போனாங்களா?"

"வந்தாங்களே. ஏழெட்டு வருசம் இருக்கும். வேன்ல தொப்பி போட்ட பிள்ளைய வந்துச்சு. மரத்துக்கெல்லாம் நம்பர் கட்டி, தூரைத் தோண்டி என்னமோ வைத்தியம் பாத்தாங்க. நல்ல பிள்ளைய. நாந்தான் தினம் சாறு கலக்கிக் குடுப்பேன். வந்து முடிவைச் சொல்லுதோம்னு போச்சுவ. வரல. எதுக்குக் கேக்க?"

"அவுங்க எழுதுனதுதான் இப்ப எங் கையில இருக்கு. அரைப் பக்கம்."

"அப்ப அதையே செஞ்சிருவோம். அன்னைக்கும் இதே மாதிரிதான் செஞ்சாங்க. முக்காவாசி மரம் நல்லா வந்துச்சே."

மிச்சக் கால்வாசி என்ன ஆயிற்று என்று சங்கரேஸ்வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுதியவரின் முகவரிக்கு மின்னஞ்சல் போட்டாள், அது திரும்பி வந்தது. பூட்டிய கட்டுரையைத் திறக்க இணையத்தில் திருட்டு வழி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு அதையும் தட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. தெரிந்த விவசாய அதிகாரி ஒருவரிடம் கேட்டாள். அவரும் கம்ப்யூட்டரில் தேடி அதே அரைப் பக்கத்தை எடுத்துக் காட்டி, "இது நல்லா இருக்கேம்மா, நீங்க சொல்லலாமே" என்றார். மரங்கள் காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் குரல் எல்லாத் தோட்டத்திலும் கேட்டது. கட்டுரையின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். நம் மண்ணிலேயே செய்து பார்த்த வைத்தியம் என்று அழுத்திச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அரைப் பக்கம்தான் படித்தேன் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைப்பது கோடையில். கோடையில் காய் வேண்டுமானால் ஐப்பசியில் பூக்க வேண்டும். அதற்காக இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஆடி பிறந்ததுமே தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுவார்கள். இலை சோர்ந்து உதிரும் பக்குவத்தில் எருவும் தண்ணீரும் கொடுத்தால் மரம் பயந்து பூவாய்ப் பூக்கும். வாடப்போடுவது என்று அதற்குப் பெயர். இது இங்கே மூச்சு விடுவது மாதிரி. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. உலகம்மாளும் அந்த வருஷம் வாய்க்கால் ஓர வரிசையைத் தவிரத் தோட்டம் முழுவதையும் வாடப்போட்டிருந்தாள். அதைச் சங்கரேஸ்வரியிடம் சொல்லவில்லை. ஆவணியில் மரம் வாடாமல் வேறு எப்படி இருக்கும்? சங்கரேஸ்வரி தென்காசி டவுனில் பிறந்து வளர்ந்தவள். மரத்தின் வியாதியெல்லாம் தெரியும், மாதக்கணக்கு மனதில் ஓடாது. அவளும் கேட்கவில்லை. அந்த அரைப் பக்கத்திலோ தண்ணீர் என்கிற வார்த்தையே இல்லை.

உலகம்மாள் ஆவணி முதல் வாரமே ஆள் விட்டு எல்லாத் தூரையும் திறந்துவிட்டாள். யாருக்கும் முந்தி அவள்தான் செய்தாள். சொந்தக்காரி சொன்ன வைத்தியம் அல்லவா.

இரண்டு வாரம் போயிருக்கும். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு வாடகைக்கு விடும் குத்தாலிங்கத்துக்கும் மேற்கே ஒரு சிறு தோட்டம் உண்டு, அவரும் குழுவில் இருந்தார். அவர் சங்கரேஸ்வரிக்குப் போன் செய்தார்.

"எம்மா, நீங்க அந்தக் கட்டுரையப் படம் பிடிச்சுப் போட்டிருந்தீங்கள்லா. அதுல வெங்கடேஸ்வரன்னு பேரு இருக்கே, அந்த சாரு தென்காசி ஆளுதான். இப்ப பெங்களூர்ல இருக்காரு. வருசா வருசம் சாரலுக்கு நம்ம வீட்லதான் வந்து தங்குவாரு. நேத்து ராத்திரி வந்துட்டாரு."

சங்கரேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினாள். சீசன் முடிகிற நேரம். ஆனாலும் குற்றாலத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எண்ணெய் வாடையும் நேந்திரங்காய் சிப்ஸ் வாடையும் கலந்து அடித்தது. வெங்கடேஸ்வரன் அருவியில் குளித்துவிட்டு வந்து, தலையில் ஈரத்துண்டும் இடுப்பில் வேட்டியுமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு பெண்பிள்ளை தேடி வருவாள் என்று எதிர்பார்க்காதவர் அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் பேப்பரா? அதைப் படிச்சவாளை நான் இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன். உக்காருங்கோம்மா."

"முழுசாப் படிக்கல சார். அரைப் பக்கம்தான் திறக்குது. மீதி பூட்டியிருக்கு."

"எனக்கும் அவ்வளவுதான் திறக்கும்" என்று சிரித்தார். "அந்த இன்ஸ்டிட்யூட்டை விட்டு வந்தப்பறம் எல்லாத்தையும் பிடுங்கிண்டுட்டா. மெயில் ஐடியும் போச்சு, லைப்ரரியும் போச்சு. நான் எழுதினதை நானே காசு குடுத்து வாங்கணும்."

அந்தச் சிரிப்பு சங்கரேஸ்வரிக்குப் பிடித்திருந்தது. தன்னைப் போல ஒருத்தர் என்று தோன்றியது. "பூட்டாத பத்திரிகையில போட்டிருக்கலாமே சார்?"

"அதுக்கு எழுதறவன் பணம் கட்டணும்மா. பெரிய தொகை. ப்ராஜக்ட்ல அதுக்கு இடமில்லே. பூட்டின பத்திரிகைக்குத்தான் மதிப்பும் ஜாஸ்தி. எனக்கு அப்போ ப்ரமோஷன் நிலுவையில இருந்தது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கியது. "பழைய மெயில்ல ட்ராஃப்ட் இருக்கும். அனுப்பறேன். அதைக் குடுக்கறதுல ஒரு தப்பும் இல்லே, கேட்டா யாருக்கும் குடுப்பேன். யாரும் கேட்டதில்லே. எதுக்கு, யாராவது செஞ்சு பாக்கப் போறாளா?"

"செஞ்சாச்சு சார். ரெண்டு வாரமாகுது."

போனில் தேடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. "ரெண்டு வாரமா? ஆவணியிலயா?" என்றார். "இப்போ அங்கெல்லாம் தண்ணியை நிறுத்தி வாடப்போட்டிருப்பாளேம்மா."

சங்கரேஸ்வரிக்கு ஒரு நிமிஷம் அவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"வாடற மரத்துல வேரைத் திறக்கப்படாது. ஏற்கெனவே தவிச்சிண்டிருக்கற மரம், அதுக்கு மேல தாங்காது. திறந்த ஒரு வாரத்துக்குள்ளே மூடி, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி காட்டினா பிழைக்கும். அதுக்கு மேல போனா கஷ்டம். அதைத் தனியாவே எழுதியிருக்கேன். ஏழாம் பக்கத்துல."

"அந்த அரைப் பக்கத்துல ஒரு வரி சேத்திருக்கலாமே சார்."

"இருநூறு வார்த்தைக்குள்ளே முடிக்கணும்னு விதி. முடிவை மட்டும் சொல்லுங்கோன்னு திருப்பி அனுப்பினா." அவர் தரையைப் பார்த்தார். "வெட்டினது நான்தான்."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரிந்திருந்தது. அவர் இருநூறு வார்த்தைக்காக ஒரு வரியை வெட்டினார். அவள் யாரும் கேட்காமலே ஒரு வரியை விழுங்கினாள். கட்டுரை போனுக்கு வந்து சேர்ந்தது. அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

கண்டக்டர்கள் கூவுகிற சத்தத்துக்கு நடுவே நின்றபடி குழுவில் பேசினாள். "நான் சங்கரேஸ்வரி பேசுதேன். வாடப்போட்ட மரத்துல வேரைத் தொறந்திருந்தா உடனே மூடுங்க, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விடுங்க. தொறக்காதவங்க தொறக்க வேண்டாம். நான் அரைப் பக்கம்தான் படிச்சிருந்தேன். மீதி இப்பதான் கையில கிடைச்சுது. எம்மேலதான் தப்பு." அவள் குரல் அப்படி நடுங்கி யாரும் கேட்டதில்லை. பாண்டித்துரை உடனே பதில் போட்டார். அவருக்குப் பூஞ்சைப் பொடி கிடைக்கத் தாமதமானதால் நாலு நாள் முன்புதான் தோண்டியிருந்தார். வேறு சிலரும் அப்படித்தான். கடையில் சரக்கு தீர்ந்துபோயிருந்தது அந்தக் குழுவில் பல தோட்டங்களைக் காப்பாற்றியது. படித்தவர்கள் செய்யாததைக் கடைக்காரரின் காலி அலமாரி செய்தது.

உலகம்மாளிடம் குழுவைக் கேட்கிற போன் இல்லை, கூப்பிட்டுப் பார்த்தபோதும் எடுக்கவில்லை. சங்கரேஸ்வரி நேரில் போனபோது அவள் கிணற்றடியில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மரங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாடுகிற மரம் இலையை உதிர்க்கும். இவை உதிர்க்கவில்லை. இலைகள் கிளையிலேயே சுருண்டு, பச்சை மாறாமல் காய்ந்து தொங்கின. காற்றடித்தால் சருகுச் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க மரத்தை வாடப்போட்டிருந்தீங்களா?"

"ஆவணியில போடாம பின்ன? அதென்ன கேள்வி?"

சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். உலகம்மாள் மண்வெட்டியை எடுத்தாள். இரண்டு பேரும் ஆள் கூட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை தூர்களை மூடினார்கள். அதன்பிறகு தினமும் சங்கரேஸ்வரி முதல் பஸ்ஸில் வந்து, அளந்து அளந்து தண்ணீர் விட்டாள். டியூஷன் பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேச்சிராஜ் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தாள். ஒரு தளிர் வந்துவிடாதா என்று கிளை கிளையாகத் தடவிப் பார்த்தாள். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். வாய்க்கால் ஓர வரிசையில் தெரிந்தது. மற்றதெல்லாம் விறகு நிறம்.

புரட்டாசியில் பேச்சிராஜ் ப்ளாட்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கும் முகம் நன்றாக இல்லை. ஆசைப்பட்டது இப்படி நடக்கும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். "மதினி, உங்க இஷ்டம்தான்" என்றான்.

"மரம் காய்க்கிற மட்டும்னுதானே சொன்னேன். அளந்துக்கிடச் சொல்லு" என்றாள் உலகம்மாள். "வாய்க்கா ஓரம் மட்டும் எனக்கு இருக்கட்டும்."

சங்கரேஸ்வரியை அவள் அதுவரை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சங்கரேஸ்வரிக்கு. ப்ளாட்காரர்கள் நாடாவை இழுத்துக்கொண்டு போன பிறகு உலகம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் காயிதம் முழுசும் ஒங்கிட்ட இருக்குன்னியே. வாசி. தமிழ்ல சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

சங்கரேஸ்வரி போனை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். தோட்டங்களுக்குப் பெயர் போடவில்லை, எண் போட்டிருந்தார்கள். நாலாம் எண் தோட்டத்துக்கு மட்டும் 'பெண் ஒருவர் அன்றாடம் கவனிக்கும் தோட்டம்' என்று குறிப்பு இருந்தது. அதைக் கேட்டதும் உலகம்மாள் லேசாகத் தலையாட்டினாள். ஏழாம் பக்கம் வந்தது. சங்கரேஸ்வரி தயங்கித் தயங்கிப் படித்தாள். நாலாம் எண் தோட்டத்தின் கிழக்கு வரிசையில், உரிமையாளர் தண்ணீரை நிறுத்தி வாடவிட்டிருந்த மரங்கள் சிகிச்சைக்குப் பின் முழுவதும் பட்டுப்போயின. மற்ற வரிசைகள் தேறின. ஆகவே வாடவிட்ட மரங்களில் இந்த முறையைக் கையாளக் கூடாது என்று தெரிகிறது.

"திருப்பிச் சொல்லு" என்றாள் உலகம்மாள்.

சங்கரேஸ்வரி திருப்பிச் சொன்னாள்.

"கிழக்கு வரிசையத்தான் அந்த வருசம் அவரு வாடப்போட்டாரு. நான் அதுக்குக் கோழி எருப் போட்டிருந்தேன்." உலகம்மாள் மெதுவாகப் பேசினாள். "மரம் பூராவும் பட்டுப்போச்சு. படிச்ச பிள்ளைய செஞ்சது தப்பாப் போவுமா, நீ போட்ட எருவு சூட்டுலதாம்ட்டி வெந்துட்டுன்னு சொன்னாரு. நானும் அப்பிடித்தான்னு நெனச்சேன். ஒரு சண்டை வந்தா அதைச் சொல்லுவாரு. நல்லா இருக்கும்போதும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. 'மரத்தைத் தின்னவ'ன்னு எனக்குப் பேரு. ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட, தோட்டத்துல எருவை நீயாப் போட்டுராதன்னாரு. அதனாலதான் இந்தத் தடவ நீ சொன்னதும், கோழி எரு போடலையே, இனி ஒண்ணும் ஆவாதுன்னு தைரியமாத் தொறந்தேன்."

சங்கரேஸ்வரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இது எப்ப வந்துச்சு? இந்த எழுத்து?"

"அஞ்சு வருசமாகுதுக்கா."

"அஞ்சு வருசம்." உலகம்மாள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப அவரு இருந்தாருலா."

சங்கரேஸ்வரி அழுதுவிட்டாள். உலகம்மாள் அழவில்லை. கையை நீட்டிப் போனைக் கேட்டாள். "நீ பேசுதியே, அதுல நான் பேசணும். எதை அமுக்கணும்?"

சங்கரேஸ்வரி அமுக்கிக் காட்டினாள். உலகம்மாள் போனை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லிச் சங்கரேஸ்வரி அதுவரை கேட்டதில்லை.

"நான் உலகம்மா பேசுதேன். பிச்சைமணி வீட்டுக்காரி. கிழக்கு வரிசை மரம் பட்டுப்போனது நான் போட்ட எருவால இல்ல. வாடுத மரத்துல வேரைத் தொறந்ததாலதான். எந் தோட்டத்துல பாத்துத்தான் எழுதியிருக்காங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாலயே எழுதிட்டாங்க. எனக்கு இன்னைக்குத்தான் வாசிச்சுச் சொன்னாங்க. அவரு கேக்கதுக்கு இல்ல. நீங்க எல்லாரும் கேட்டுக்கிடுங்க."